முதல் மாலை யாருக்கு? திருத்தூதர் வணக்கமும் பங்கின் சகோதர அன்பும்

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது. ஒரு பங்கின், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்க மக்கள் சமூகத்தின், பாதுகாவலர் திருத்தூதர் புனித சந்தியாகப்பர்; விவிலியத்தில் யாக்கோபு எனப்படுபவர். ஆண்டுதோறும் ஜூலையில் கொடியேற்றம், நவநாள் என்னும் ஒன்பது நாள் செபம், தேர்பவனி, அசனம் என்னும் பொது விருந்து எல்லாம் குறைவின்றி நடக்கின்றன. ஆனால் தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, முதல் மாலை எந்தக் குடும்பத்தாருடையது, கொடிக்கயிற்றை யார் பிடிப்பது என்ற வழக்கில் பங்கு இரண்டுபட்டுக் கிடக்கிறது; இரு தரப்பாரும் ஒரே திருப்பலிக்கு வந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இந்த நிலையில் திருத்தூதருக்குச் செய்யும் வணக்கத்துக்குப் பொருள் உண்டா? சகோதர அன்புக்கும் புனிதர் வணக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாகத் திருச்சபை உண்மையிலேயே சொல்கிறதா, அல்லது அது மறையுரைக்கு மட்டும் உதவும் பேச்சா? நடைமுறையில் என்ன செய்யலாம், தகராறு தீரும்வரை தேரை நிறுத்திவைக்கலாமா?

திருச்சபை அப்படிச் சொல்லத்தான் செய்கிறது. தன் போதனையின் மிக உயர்ந்த நிலையிலேயே சொல்லியிருக்கிறது. உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் ஏழாம் அதிகாரம், விண்ணகத்திலுள்ள புனிதர்களோடு நமக்குள்ள உறவைப் பற்றியது. அதன் 51ஆம் எண், புனிதர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம் வெளிச்செயல்களைப் பெருக்குவதைவிட நமது செயலுள்ள அன்பின் ஆழத்தில்தான் அடங்கியிருக்கிறது என்று சொல்வதோடு, இத்துறையில் மிகையோ குறையோ புகுந்திருந்தால் அவற்றைத் திருத்த வேண்டியது பொறுப்பிலுள்ளவர்களின் கடமை என்றும் கூறுகிறது. ஆகவே தேர், மாலை, வாணவேடிக்கை ஆகியவை எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும், அவற்றை வைத்து வணக்கத்தை அளக்க முடியாது. அவை கூடாது என்பதல்ல இதன் பொருள். வெளிச்செயல்களை அடியோடு வெறுக்கும் ஒரு மனநிலையும் நம்மிடையே வளர்ந்து வருகிறது. அது சங்கத்தின் மனநிலை அல்ல.

வணக்கத்துக்கும் ஆராதனைக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் விளக்கியிருப்பதால் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது. புனிதர்களுக்கும் அவர்களின் திருவுருவங்களுக்கும் செலுத்துவது வணக்கம். திருவுருவத்துக்குச் செய்யும் மரியாதை அதில் காட்டப்பட்டிருப்பவரையே சென்றடைகிறது. 787இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம் இதை வரையறுத்தது. 1563இல் திரெந்து சங்கம் அதை மீண்டும் உறுதிசெய்தது. திருத்தூதர்களே இந்த எல்லையைக் காத்தவர்கள். உரோமைப் படையலுவலர் கொர்னேலியு காலில் விழுந்தபோது, "எழுந்திடும், நானும் ஒரு மனிதன்தான்" என்று பேதுரு அவரைத் தூக்கி நிறுத்தியதைத் திருத்தூதர் பணிகள் நூலின் பத்தாம் அதிகாரம் சொல்கிறது. திருச்சபைச் சட்டத்தின் 1186ஆம் எண், புனிதர் வணக்கத்தை இறைமக்களுக்குப் பரிந்துரைக்கும்போது இரண்டு காரணங்களைக் குறிப்பிடுகிறது: அவர்களின் முன்மாதிரி நம்மைக் கட்டியெழுப்புகிறது, அவர்களின் பரிந்துரை நம்மைத் தாங்குகிறது. பெரும்பாலான பங்குகளில் நாம் இரண்டாவதைப் பற்றிக்கொண்டு முதலாவதை நழுவவிட்டுவிட்டோம் என்பது என் கருத்து. நவநாள் மன்றாட்டுகளைக் கவனித்துப் பார்த்தால் இது தெரியும்: அவரிடம் என்ன கேட்பது என்பதில் தெளிவாக இருக்கிறோம், அவர் எப்படி மாறினார் என்பது பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஜூலை 25 அன்று வாசிக்கப்படும் நற்செய்திக்கு வருவோம். இது எவரும் உங்கள் பங்கின் சண்டைக்காகத் தேர்ந்தெடுத்த பகுதி அல்ல. உலகெங்கும் சந்தியாகப்பர் விழாவன்று வாசிப்பதற்காகத் திருச்சபை வைத்திருக்கும் பகுதி. மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரம், 20 முதல் 28 வரையுள்ள வசனங்கள். செபதேயுவின் மக்களுடைய தாய் தன் இரு மகன்களோடு இயேசுவிடம் வந்து பணிந்து, அவருடைய ஆட்சியில் ஒருவன் வலப்புறமும் மற்றவன் இடப்புறமும் அமர இடம் கேட்கிறாள். அந்த இருவரில் ஒருவர்தான் நம் பாதுகாவலர். மற்றவர் அவருடைய தம்பி யோவான், அதாவது நம் முன்னோர் அருளப்பர் என்று அழைத்தவர். ஆக, பாதுகாவலரின் நினைவாக நாம் கூடும் நாளில் திருச்சபை நமக்கு வாசித்துக் காட்டுவது அவர் செய்த புதுமையை அல்ல, முதல் மரியாதை கேட்டு அவர் வாங்கிக்கட்டிக்கொண்ட நிகழ்ச்சியைத்தான். அதைக் கேட்ட மற்றப் பத்துப் பேரும் கோபங்கொண்டார்கள் என்று நற்செய்தி தொடர்கிறது. அந்தக் கோபம் நியாயத்தின் மேலுள்ள பற்றினால் எழுந்தது என்று நினைக்க இடமில்லை. அந்த இருக்கைகள் மேல் அவர்களுக்கும் கண் இருந்தது என்பதை இயேசு அவர்கள் பன்னிருவரையும் சேர்த்து அழைத்துத் தந்த பதிலே காட்டுகிறது. பெரியவராக இருக்க விரும்புகிறவர் தொண்டராக இருக்கட்டும், முதல்வராக இருக்க விரும்புகிறவர் பணியாளராக இருக்கட்டும் என்று அவர் சொன்னது இரு தரப்புக்கும் பொதுவாகத்தான்.

இந்த வாசகத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, தேரடியில் முதல் மாலைக்காக மல்லுக்கு நிற்பது எவ்வளவு பொருந்தாத செயல் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வழிபாட்டு ஒழுங்கு பற்றிய ஒரு செய்தியை மட்டும் இங்கே சேர்க்கலாம். பொது நாள்காட்டியில் இது விழா. ஆனால் அவர் பெயரால் நிற்கும் ஆலயத்தில் அந்த நாள் அதைவிட உயர்ந்த நிலையான பெருவிழா. ஆகவே உன்னதங்களிலே கீதத்தோடு நம்பிக்கை அறிக்கையும் உண்டு. அந்த நாளுக்கு, திருப்பலியின் மையச் செபத்தின் வடிவங்களுள் முதலாம் நற்கருணை மன்றாட்டு மிகவும் பொருத்தமானது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை சொல்கிறது. ஏனெனில் அதில்தான் பேதுரு, பவுல், அந்திரேயா, யாக்கோபு, யோவான், தோமா என்று திருத்தூதர்களின் பெயர்கள் ஒரே மூச்சில் வருகின்றன. நீளம் கருதி நம் ஆலயங்களில் பெரும்பாலும் இரண்டாம் மன்றாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது நம் பாதுகாவலரின் பெயர் மற்றவர்களின் பெயர்களுக்கு நடுவே ஒலிப்பதை மக்கள் கேட்க வேண்டும்.

சந்தியாகப்பரின் வாழ்வைப் பற்றி நமக்குக் கிடைப்பவை சில வரிகளே. ஆனால் அவை ஒரே திசையில் செல்கின்றன. அவரையும் யோவானையும் இயேசு 'இடியைப் போன்றோர்' என்று அழைத்ததாக மாற்கு எழுதுகிறார். சமாரியர் ஊர் ஒன்று இயேசுவை ஏற்க மறுத்தபோது, வானத்திலிருந்து தீ இறங்கி இவர்களை அழிக்கும்படி நாங்கள் சொல்லவா என்று கேட்டவர்கள் இந்தச் சகோதரர்களே. லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தில் இயேசு திரும்பி அவர்களைக் கடிந்துகொள்கிறார். பிறகு ஏறத்தாழ 44ஆம் ஆண்டில் ஏரோது அகிரிப்பா அவரை வாளால் கொன்றதைத் திருத்தூதர் பணிகள் நூல் ஒரே வசனத்தில் சொல்லி முடிக்கிறது. பன்னிருவரில் முதலில் இரத்தம் சிந்தியவர் அவர்தான். அந்த ஒரு வசனத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மரபுச் செய்தி ஒன்றை, நான்காம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு, அலெக்சாந்திரியா கிளமெந்தின் எழுத்திலிருந்து எடுத்துத் தருகிறார். யாக்கோபைத் தீர்ப்புக்கு இட்டுச்சென்றவன் அவர் சான்று பகர்ந்ததைக் கண்டு மனம் மாறித் தானும் கிறிஸ்தவன் என்று அறிக்கையிட்டானாம். இருவரும் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வழியில் அவன் யாக்கோபிடம் மன்னிப்புக் கேட்டான். யாக்கோபு சிறிது யோசித்துவிட்டு, "உனக்குச் சமாதானம்" என்று சொல்லி அவனை முத்தமிட்டார். இருவரின் தலைகளும் ஒன்றாக வெட்டப்பட்டன.

அந்தச் 'சிறிது யோசித்து' என்ற சொற்கள் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகின்றன. ஊரையே எரிக்கக் கேட்ட மனிதருக்கு மன்னிப்பு உடனே வந்துவிடவில்லை, ஆனாலும் கொடுத்தார். சந்தியாகப்பர் பங்கில் திருப்பலியின்போது, 'ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்வோம்' என்ற அழைப்பு வரும் நேரத்தில், எதிர்த் தரப்பாரைப் பார்த்துக் கைகூப்ப ஒருவருக்கு ஒரு நிமிடத் தயக்கம் ஏற்பட்டால் அவர் தம் பாதுகாவலருக்கு அருகில்தான் இருக்கிறார். தயங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் விலகிப் போகிறார்.

திருவுருவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதிகளில் சந்தியாகப்பரைப் பெரும்பாலும் குதிரைமேல், கையில் வாளுடன் காண்கிறோம். இந்த வடிவம் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் கிளவிகோ என்ற இடத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் போரில் அவர் வெள்ளைக் குதிரையில் தோன்றி முஸ்லிம் படையை முறியடித்தார் என்ற புராணத்தின் வடிவம் அது. அப்படியொரு போர் நடந்ததை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஐரோப்பியரோடு கடல் கடந்து வந்த அந்தக் குதிரைவீரர் தமிழ்க் கடற்கரைக்கு வந்தபின் ஊர்க் காவலராக மாறிவிட்டார். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் அருகே வேர்க்காட்டிலுள்ள புனித சந்தியாகப்பர் ஆலயத் திருவிழாவில் கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்துகொள்வது அறிந்த செய்தி. அங்கே எந்த இறையியலாரும் போய் விளக்கம் சொல்லவில்லை. பழைய பகைச் சின்னத்தை மக்கள் தாங்களாகவே உறவுச் சின்னமாக மாற்றிக்கொண்டார்கள். வேற்று மதத்தாரோடு இயன்றது ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு இயலாமற்போவதுதான் வேதனை.

இனி, திருத்தூதர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்ப்போம். திருச்சபை அவர்களைத் தனியாட்களாக மட்டும் போற்றுவதில்லை. பேதுருவுக்கும் பவுலுக்கும் ஜூன் 29. பிலிப்புக்கும் அல்பேயுவின் மகன் யாக்கோபுக்கும் மே 3. சீமோனுக்கும் யூதா ததேயுவுக்கும் அக்டோபர் 28. மற்றத் திருத்தூதர்களுக்குத் தனித்தனி நாள்கள் இருந்தாலும், ஒவ்வொருவரும் அந்தப் பன்னிருவர் குழுவின் உறுப்பினர் என்ற வகையில்தான் நினைக்கப்படுகிறார். அந்தக் குழுவின் சேர்க்கையே வியப்புக்குரியது. உரோமை ஆட்சிக்காக வரி தண்டிய மத்தேயுவும், அந்த ஆட்சியை எதிர்த்தோரின் பெயரைத் தாங்கிய தீவிரவாதி எனப்பட்ட சீமோனும் ஒரே பந்தியில் அமர்ந்தவர்கள். ஊரில் ஒருவரையொருவர் கண்டால் துப்பியிருக்கக்கூடிய இருவர் அவர்கள்.

இந்த இணைகளுள் மிக அதிகம் கற்பிப்பது பேதுருவும் பவுலும், அதாவது இராயப்பரும் சின்னப்பரும். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு உண்டுவந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆள்கள் வந்ததும் அஞ்சி, அந்தப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுலின் உடன்பணியாளர் பர்னபாகூட அந்த வெளிவேடத்தில் இழுபட்டார். (இந்த யாக்கோபு ஆண்டவரின் சகோதரர் எனப்பட்டவர், நம் சந்தியாகப்பர் அல்லர்.) பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேராக எதிர்த்தார். எதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும்: யாரோடு அமர்ந்து சாப்பிடுவது என்பதற்காக. பந்தி பிரிவது நற்செய்தியின் உண்மைக்கே முரணானது என்று அவர் கருதினார். நம் நாட்டுக் கிறிஸ்தவருக்கு இதைவிட நெருக்கமான விவிலியப் பகுதி இருக்க முடியாது. ஆயினும் இவ்வளவு கடுமையாக மோதிய இருவரையும் ஒரே நாளில் போற்றும் வழக்கம் உரோமையில் மூன்றாம் நூற்றாண்டிலேயே இருந்தது. புனித அகுஸ்தீனார் அந்த விழாவன்று ஆற்றிய மறையுரையில், அவர்கள் வெவ்வேறு நாள்களில் துன்புற்றாலும் இருவரும் ஒருவராகவே இருந்தனர் என்று விளக்குகிறார். ஒற்றுமை என்றால் கருத்து வேறுபாடே இல்லாத நிலை என்று நினைப்பவர்கள் இந்த விழாவின் பொருளைத் தவறவிடுகிறார்கள். தவறு செய்தவரைத் தவறு என்று சொல்ல வேண்டும். சொன்னபின்னும் அவர் சகோதரராகவே இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பாதையையும் பவுலே காட்டுகிறார். கொரிந்து நகரில் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் (அதாவது பேதுருவைச்) சேர்ந்தவன் என்று கட்சி பிரிந்தார்கள். திருத்தூதரின் பெயரைத் தூக்கிப் பிடித்தே திருச்சபையைப் பிளக்க முடியும் என்பதற்கு அதுவே முதல் சான்று. கிறிஸ்து பிளவுபட்டிருக்கிறாரா, பவுலா உங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டான் என்று அவர் கேட்டார். தம் பெயரால் இயங்கிய கட்சியையே அவர் முதலில் வெட்டினார் என்பதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது.

பங்கு இரண்டுபட்டிருப்பதன் காரணத்தைக் கேள்வி கேட்டவர் வெளிப்படையாக எழுதவில்லை. தெரு, குடும்பம், மரியாதை என்ற சொற்களைப் படித்தால் சாதி அதன் பின்னால் இருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது, இல்லையென்றால் நல்லது. தமிழ்க் கத்தோலிக்கத் திருச்சபைக்கு இந்த வரலாறு புதிதல்ல. வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து அமர்த்தச் சுவர் இருந்தது. 1910இல் பங்குத்தந்தை கௌசானல் அடிகளார் அதை இடித்தார். வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் அவர்மேல் எழுந்த பகைக்கு ஒரு காரணம் என்பர். 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மக்கள் ஆற்றல்படுத்தல் கொள்கை, திருச்சபைக்குள் நடக்கும் தீண்டாமையை ஒப்புக்கொண்டு, அதைக் களைய வேண்டிய கடமையைப் பேசுகிறது. புனித தோமையார் விழாவாகிய ஜூலை 3 அன்று வாசிக்கும் முதல் வாசகம் எபேசியர் இரண்டாம் அதிகாரத்திலிருந்து வருகிறது: நீங்கள் இனி அன்னியர் அல்ல, திருத்தூதர்களை அடித்தளமாகக் கொண்டு கட்டப்பட்டவர்கள் என்கிறது. அந்த வாசகத்துக்குச் சில வசனங்களுக்கு முன்புதான், இரு இனத்தாரைப் பிரித்து நின்ற தடுப்புச் சுவரைக் கிறிஸ்து தகர்த்தெறிந்தார் என்ற வரி வருகிறது. திருத்தூதர்களாகிய அடித்தளத்தின்மேல் கட்டடம் எழ வேண்டுமானால் அந்தச் சுவர் முதலில் விழ வேண்டும் என்பதே பவுலின் வரிசை. ஒரு தெருவுக்குள் தேர் போகக் கூடாது என்று சொல்லும் வழக்கம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதற்குத் திருச்சபையில் உரிமை கிடையாது. இதில் நடுநிலை என்று ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

உலகத் திருச்சபையின் அளவில் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பேதுருவும் அந்திரேயாவும் உடன்பிறந்தவர்கள். உரோமை பேதுருவையும், கிழக்குத் திருச்சபையின் தலைமையிடமான கான்ஸ்தாந்திநோபிள் அந்திரேயாவையும் தம் பாதுகாவலர்களாகக் கொண்டவை. 1054 முதல் பிரிந்து நின்ற இந்த இரு திருச்சபைகளின் தலைவர்களான திருத்தந்தை ஆறாம் பவுலும் முதுபெரும் தந்தை அத்தனகோராசும் 1964 சனவரியில் எருசலேமில் சந்தித்தபோது, அத்தனகோராசு பரிசாகக் கொடுத்தது பேதுருவும் அந்திரேயாவும் தழுவி நிற்கும் திருஓவியம். அதே ஆண்டில் ஆறாம் பவுல், உரோமையில் நூற்றாண்டுகளாக இருந்த புனித அந்திரேயாவின் தலையைக் கிரேக்க நாட்டின் பத்ராசு நகருக்குத் திருப்பி அனுப்பினார். 1965 டிசம்பர் 7 அன்று, 1054இல் ஒருவர்மேல் ஒருவர் விதித்திருந்த சாபங்கள் இரு தரப்பாலும் நினைவிலிருந்து அகற்றப்பட்டன. இன்றும் ஜூன் 29க்குக் கான்ஸ்தாந்திநோபிளிலிருந்து ஒரு குழு உரோமைக்கு வருகிறது; நவம்பர் 30க்கு உரோமையிலிருந்து ஒரு குழு அங்கே செல்கிறது. முழு ஒன்றிப்பு இன்னும் வரவில்லை. ஆனால் ஒருவர் பாதுகாவலரின் விழாவுக்கு மற்றவர் போவதை நிறுத்தவில்லை. ஒன்பது நூற்றாண்டுப் பிளவை இப்படி அணுக முடிந்தது என்றால், இரண்டு தெருக்களுக்கு இடையிலான பிளவை அணுக முடியாது என்று சொல்வது கடினம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் திருவிழாவைப் பற்றிப் பேச முடியாது. எருசலேமில் ஆண்டவரின் சகோதரர் எனப்பட்ட யாக்கோபும் கேபாவும் யோவானும் பவுலுக்கும் பர்னபாவுக்கும் வலக்கை கொடுத்து உறவை உறுதிசெய்தபோது வைத்த ஒரே வேண்டுகோள், ஏழைகளை மறக்க வேண்டாம் என்பது. அதை நிறைவேற்றப் பவுல் பல ஊர்த் திருச்சபைகளில் நிதி திரட்டினார். அந்த நிதியை எடுத்துச் செல்லத் திருச்சபைகளே தேர்ந்தெடுத்த ஒரு சகோதரரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். இந்தக் கொடையைக் கையாளும் முறைபற்றி எவரும் எங்களைக் குறைகூறாதபடி பார்த்துக்கொள்கிறோம், ஆண்டவர் முன்னிலையில் மட்டுமல்ல, மனிதர் முன்னிலையிலும் நேர்மையாக நடக்க விரும்புகிறோம் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் விளக்குகிறார். திருவிழாக் கணக்கைக் கேட்பவரைப் பக்தி இல்லாதவர் என்று ஒதுக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. பவுலின் அளவுகோலில் கணக்குக் காட்டுவதே பக்தியின் ஒரு பகுதி. வரியாகவும் உபயமாகவும் வந்த தொகை, செலவு, மிச்சம் ஆகியவற்றைத் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், பங்கிலுள்ள பாதிச் சந்தேகங்கள் அன்றே தீரும். வசூலில் ஒரு பகுதி பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை வழியாக ஏழைகளுக்குப் போக வேண்டும் என்பதைக் கொடியேற்றத்துக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். மிஞ்சினால் கொடுப்போம் என்று விட்டால் மிஞ்சாது.

அசனம் என்னும் பொது விருந்து, தென் மாவட்டத் திருவிழாக்களின் மிக அழகான மரபு. அது திருத்தூதர் காலத்து அன்பு விருந்துக்கு மிக அருகில் நிற்கிறது. அந்த விருந்துக்கு வந்த ஆபத்தும் அதற்கு உண்டு. கொரிந்தில் சிலர் வயிறு நிறைய உண்டார்கள், சிலர் பசியோடு இருந்தார்கள்; நீங்கள் கூடி வருவது நன்மைக்கல்ல, தீமைக்கே என்று பவுல் கண்டித்தார். ஒரே சமையல், ஒரே பந்தி, யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் அமரலாம் என்ற மூன்றும் இருந்தால்தான் அது அசனம். முக்கியமானவர்களுக்குப் பங்குமனையில் தனியாக இலை போடும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. திருத்தூதர் பெயரால் நிற்கும் ஆலயம் யாருக்காகத் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு யாழ்ப்பாணத்து நவாலி ஒரு சான்று. 1995 ஜூலை 9 அன்று, போருக்கு அஞ்சி அங்குள்ள புனித பேதுரு பாவிலு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மேல் விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த மக்களை உள்ளே விட்டபோது எவரும் அவர்களின் தெருவைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் உறவைச் சரிசெய்துவிட்டு வா என்று இயேசு சொன்ன வரிசையை அப்படியே பின்பற்றுவதுதான் வழி. கொடியேற்றத்துக்குப் பின் ஒப்புரவு என்று வைத்தால் அது நடக்காது. கொடி ஏறியதும் எல்லாரும் வேலையில் மூழ்கிவிடுவார்கள். ஆகவே ஜூலைக்கு முன்பே, இரு தெருக்களின் அன்பியங்களையும், அதாவது அருகருகே வாழும் குடும்பங்களின் செபக் குழுக்களையும், ஒன்றாகக் கூட்டி, மத்தேயு இருபதாம் அதிகாரத்தை வாசித்துப் பகிரச் செய்யுங்கள். வழக்கைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேச வேண்டாம், வாசகமே பேசும். பிறகு பங்குப் பேரவையில் வழக்கை எடுங்கள். முதல் மாலை என்ற மரியாதையை எந்தக் குடும்பத்துக்கும் கொடுக்காமல், பங்கின் பெயரால் பங்குத்தந்தை ஒரே மாலையைச் சூட்டுவதே நல்லது என்பது என் கருத்து. சுழற்சி முறை என்ற சமரசம் பல ஊர்களில் அடுத்த சண்டைக்குத் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறது. கொடிக்கயிற்றை முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடலாம்; பிள்ளைகளோடு போட்டியிட எவருக்கும் மனம் வராது. நவநாளின் ஒரு நாளை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் ஒதுக்கி, தேரைக் காண வர இயலாதவர்களின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுசெல்ல ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் குழுவில் இரு தெருக்காரரையும் கலந்து அனுப்புங்கள்.

தகராறு தீரும்வரை தேரை நிறுத்திவைக்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: நிறுத்தலாம். ஜூலை 25 திருப்பலி வழிபாட்டு ஆண்டின் பகுதி. அது கட்டாயம் நடக்கும். தேர்பவனி நல்ல மரபு, ஆனால் கட்டாயம் அல்ல. ஒற்றுமை குலையும் இடங்களில் ஆயர்கள் தேரையும் சில வேளைகளில் திருவிழாவையுமே நிறுத்திவைத்ததுண்டு. ஆனால் யாரையும் தண்டிக்கும் எண்ணத்தோடு நிறுத்தினால் பகை கூடும். முடிவைப் பங்குப் பேரவையில் இரு தரப்பாரும் சேர்ந்து எடுத்து, குறிப்பேட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்ட பின்பே அறிவிக்க வேண்டும். அந்த ஆண்டுத் தேர்ச்செலவுக்கென ஒதுக்கிய தொகையை என்ன செய்வது என்பதும் அதே குறிப்பில் இருக்கட்டும். தேர் மீண்டும் புறப்படும் ஆண்டில், இதுவரை விடுபட்ட தெரு வழியாக அது முதலில் போகட்டும்.